ரிப்போர்ட்ல 'என்டிஎம் பாசிட்டிவ்'னு வந்தா என்ன அர்த்தம்? ஆன்டிபயாட்டிக் ரெசிஸ்டன்ஸ் ஜீன் டெஸ்ட் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வட சென்னையில ஒரு ஆஸ்பத்திரி மைக்ரோபயாலஜி லேப்ல வேலை பாக்குறேன். ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர்னு சுத்துவட்டாரத்துல இருந்து வர்ற பேஷன்ட்டோட அட்டெண்டருங்க, ஐசியூ வாசல்ல ஃபைலை கையில வச்சுக்கிட்டு, ரிப்போர்ட் வாங்க வரும்போது எங்கிட்ட கேக்குற கேள்விங்கதான் இது. டாக்டருக்கு ரவுண்ட்ஸ்ல நின்னு விளக்க நேரம் இருக்காது, ஆனா உள்ள படுத்திருக்கிறவங்களோட ஜனங்களுக்கு இது புரிஞ்சே ஆகணும். சுருக்கமா சொன்னா, 'என்டிஎம் பாசிட்டிவ்'னா ஐசியூல கடைசியா எடுக்குற பெரிய ஊசிங்களை உடைக்கிற ஒரு ஜீன் அந்த பாக்டீரியாகிட்ட இருக்குன்னு அர்த்தம்.

தம்பி, கல்ச்சர் ரிப்போர்ட்ல வரிசையா எல்லாமே 'ஆர்'னு இருக்கு, இதுக்கு என்ன அர்த்தம்?

அந்த மருந்து எதுவும் இந்த பாக்டீரியாவை கொல்லாதுன்னு அர்த்தம். 'எஸ்'னா வேலை செய்யும், 'ஐ'னா நடுவுல. இதை நாங்க எப்படி சொல்றோம்னா, பேஷன்ட்டோட ரத்தத்துலயோ சளியிலயோ யூரின்லயோ வளர்ந்த பாக்டீரியாவை எடுத்து பாக்டீரியா வளர்க்குற முல்லர் ஹின்டன் பிளேட்ல சீரா தடவி, அது மேல ஒவ்வொரு மருந்தும் ஏத்தின சின்ன சின்ன காகித டிஸ்க்கை வச்சு 35 டிகிரில ராத்திரி முழுக்க விடுவோம். காலையில பாத்தா மருந்து வேலை செஞ்ச இடத்துல டிஸ்க்கை சுத்தி பாக்டீரியா வளராம ஒரு தெளிவான வட்டம் இருக்கும், அந்த வட்டத்தோட குறுக்களவை ஸ்கேல் வச்சு அளப்போம். உதாரணத்துக்கு கிளெப்சியெல்லான்ற பாக்டீரியாவுக்கு மெரோபெனெம்ன்ற மருந்தோட டிஸ்க் வச்சா 23 மில்லிமீட்டரோ அதுக்கு மேலயோ இருந்தா 'எஸ்', 20ல இருந்து 22 வரைக்கும் 'ஐ', 19 இல்ல அதுக்கு கீழ போனா 'ஆர்'. சில பிளேட்ல டிஸ்க் ஒட்டி வரைக்கும் பாக்டீரியா படர்ந்திருக்கும், வட்டமே இருக்காது, அதை பாக்குறப்போ உள்ள இருக்குற அந்த பேஷன்ட்டை நெனச்சு நமக்கே மனசு கனக்கும்.

இப்ப நெறைய இடத்துல மெஷின்ல போடுறாங்க, அதுல 'எம்ஐசி'னு ஒரு நம்பர் வரும், பாக்டீரியா வளராம நிறுத்த குறைஞ்சது எவ்ளோ மருந்து வேணும்ன்ற அளவு அது. இங்க ஒன்னு சொல்லிடறேன், நெறைய பேர் அந்த நம்பரை பாத்து எது சின்னதோ அதுதான் பெஸ்ட் மருந்துன்னு நெனச்சுக்கிறாங்க. அப்படி கிடையாது. ஒவ்வொரு மருந்துக்கும் கட்-ஆஃப் வேற வேற, ஒரு மருந்தோட நம்பரை இன்னொன்னோட நம்பர் கூட ஒப்பிடவே கூடாது.

அதான் 'ஆர்'னு தெரிஞ்சு போச்சே, அப்புறம் எதுக்கு தனியா ஜீன் டெஸ்ட்?

நல்ல கேள்வி. கல்ச்சர் சொல்றது "இந்த மருந்து வேலை செய்யல"ன்ற வரைக்கும்தான். ஏன் வேலை செய்யலன்னு ஜீன் டெஸ்ட்தான் சொல்லும். மெரோபெனெம்ன்ற மருந்தை ரெண்டு பாக்டீரியா எதிர்க்குதுன்னு வச்சுக்கோங்க, ரெண்டுக்கும் ரிப்போர்ட்ல 'ஆர்'தான் வரும், ஆனா ஒன்னு அந்த மருந்தை உடைக்க வச்சிருக்குற என்சைம் வேற, இன்னொன்னு வச்சிருக்குறது வேற. என்சைம் வேறன்னா அதை அடிக்கிற மருந்தும் வேற. அதுக்கு மேல, எந்த ஜீன்னு தெரிஞ்சாதான் இது வார்டுல ஒரு பெட்ல இருந்து இன்னொரு பெட்டுக்கு பரவுதான்னும் தடம் புடிக்க முடியும்.

என்டிஎம், ஆக்ஸா, கேபிசி, இதெல்லாம் என்ன?

மெரோபெனெம், இமிபெனெம் இதெல்லாம் கார்பாபெனெம் குடும்பம், ஐசியூல கடைசியா எடுக்குற பெரிய ஊசிங்க. இதை உடைக்கிற என்சைமை செய்ய பாக்டீரியாகிட்ட இருக்குற ஜீனுங்கதான் இதெல்லாம். முக்கியமா அஞ்சு தேடுவோம், என்டிஎம், ஆக்ஸா-48, கேபிசி, விஐஎம், ஐஎம்பி. நம்ம நாட்டுல அதிகமா வர்றது என்டிஎம்மும் ஆக்ஸா-48 வகையும், சில சமயம் ஒரே கிளெப்சியெல்லாவுல ரெண்டுமே இருக்கும். அமெரிக்காவுல பெரிய பிரச்சனையா இருந்த கேபிசி நம்ம பக்கம் கம்மி.

இதை தவிர 'ஈஎஸ்பிஎல்'னு ரிப்போர்ட்ல பாத்திருப்பீங்க, அது இதுக்கு ஒரு படி கீழ, செஃப்ட்ரியாக்ஸோன் மாதிரி ஊசிங்களை உடைக்கும், அதுல ரொம்ப பரவலா இருக்குற ஜீன் சிடிஎக்ஸ்-எம்-15. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ்ன்ற பாக்டீரியாவுல பாக்குறது மெக்-ஏ, அது இருந்தா 'எம்ஆர்எஸ்ஏ', அதாவது மெத்திசிலின் வகை மருந்து கேக்காத கிருமி. என்டரோகாக்கஸ்ன்ற பாக்டீரியாவுல வான்கோமைசின் மருந்தை எதிர்க்கிற வான்-ஏ.

என்டிஎம் சென்னையில இருந்துதான் வந்துச்சுன்னு சொல்றாங்களே, உண்மையா?

சென்னையில இருந்து வந்துச்சுன்னு சொல்றது தப்பு. டெல்லியில சிகிச்சை எடுத்துட்டு ஸ்வீடன் திரும்பின ஒரு பேஷன்ட்கிட்ட கிடைச்ச கிளெப்சியெல்லாவுலதான் இந்த ஜீனை முதல்ல கண்டுபிடிச்சு 2009ல எழுதினாங்க, என்டிஎம்ன்ற பேருல 'என்டி'ன்னா நியூ டெல்லி, அது வந்தது அப்படித்தான். ஆனா நம்ம ஊருக்கு இதுல ஒரு பெரிய பங்கு இருக்கு. சென்னைப் பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சி பண்ணிட்டிருந்த கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியரா இருந்து, 2010 ஆகஸ்ட்ல லான்செட் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ் பத்திரிகையில ஒரு கட்டுரை வந்துச்சு. அதுல சென்னையில 44, ஹரியானாவுல 26, பிரிட்டன்ல 37, இந்தியா பாகிஸ்தான்ல மத்த ஊருங்கள்ல 73 பாக்டீரியா மாதிரிங்கள்ல என்டிஎம்-1 இருக்குன்னு காட்டினாங்க. அப்போ நாடே கொந்தளிச்சுச்சு, நம்ம ஊரு பேரை கெடுக்குறாங்க, மெடிக்கல் டூரிசத்தை கெடுக்க பாக்குறாங்கன்னு சண்டை. என்னைக் கேட்டா அந்த வேலை நம்ம ஊருக்கு பெருமை. தேடினாதான் கிடைக்கும், தேடாத ஊருல இல்லன்னு அர்த்தம் இல்ல. ரெண்டு வருஷம் கழிச்சு 2012ல டாக்டருங்க, சங்கங்க எல்லாம் இதே சென்னையில கூடி 'சென்னை பிரகடனம்'னு ஒன்னு போட்டு, ஆன்டிபயாட்டிக்கை எப்படி கட்டுப்படுத்தணும்னு ஒரு வழியை எழுதி வச்சாங்க.

ஒரு பாக்டீரியாகிட்ட இருந்து இன்னொன்னுக்கு ஜீன் எப்படி போகும்? பொறக்கும்போதே வர்றது இல்லையா?

அம்மா செல்லு ரெண்டா பிரிஞ்சா ரெண்டுக்கும் போகும், அது ஒரு வழி. ஆனா இந்த ஜீனுங்கள்ல நெறைய பிளாஸ்மிட்னு சொல்ற தனி டிஎன்ஏ வளையத்துல உக்காந்திருக்கும். பக்கத்து வீட்டுக்கு கிண்ணத்துல குழம்பு குடுத்தனுப்புற மாதிரி ஒரு பாக்டீரியா அந்த வளையத்தை நகல் எடுத்து பக்கத்துல இருக்குறதுக்கு குடுத்துடும், அது சொந்த இனமா இருக்கணும்னு கூட இல்ல, கிளெப்சியெல்லா ஈ.கோலைக்கு குடுக்கும். ஒரே வளையத்துல அஞ்சாறு மருந்துக்கான ஜீனுங்க சேந்தே இருக்கறதால, ஒரு தடவை வாங்கினதுமே அந்த பாக்டீரியா ஒரேயடியா எல்லாத்துக்கும் 'ஆர்' ஆயிடும். நம்ம குடல்தான் இந்த கொடுக்கல் வாங்கலுக்கு தோதான இடம், அங்க கோடிக்கணக்குல பாக்டீரியா நெருக்கியடிச்சு இருக்குதே. தேவையில்லாம ஒரு ஆன்டிபயாட்டிக் போட்டா சாதாரண பாக்டீரியா எல்லாம் செத்து, இந்த வளையம் வச்சிருக்குறது மட்டும் காலி இடத்துல பெருகும்.

லேப்ல நீங்க இந்த ஜீனை எப்படி பாக்குறீங்க? மைக்ரோஸ்கோப்லயா?

மைக்ரோஸ்கோப்ல ஜீன் தெரியாது. ரெண்டு விதமா பாக்கலாம், அந்த என்சைம் வேலை செய்யுதான்னு பாக்குறது ஒன்னு, நேரா ஜீனையே தேடுறது இன்னொன்னு.

முதல் வகையில எனக்கு ரொம்ப புடிச்சது எம்சிஐஎம்னு ஒரு டெஸ்ட். மெஷினே வேணாம், சின்ன லேப்லயும் செய்யலாம், செலவும் கம்மி. சந்தேகப்படுற பாக்டீரியாவை ஒரு ட்யூப்ல சூப் மாதிரி திரவத்துல கலக்கி, அதுல ஒரு மெரோபெனெம் டிஸ்க்கை போட்டு 4 மணி நேரம் ஊற விடுவோம். பாக்டீரியாகிட்ட அந்த என்சைம் இருந்தா இந்த 4 மணி நேரத்துல டிஸ்க்ல இருக்குற மருந்தை முழுசா தின்னு தீர்த்துடும். அப்புறம் அந்த டிஸ்க்கை வெளிய எடுத்து, மெரோபெனெமுக்கு சுலபமா சாகுற ஒரு ஈ.கோலை தடவின பிளேட்ல வச்சுட்டு வீட்டுக்கு போயிடுவோம். மறுநாள் காலையில டிஸ்க்கை சுத்தி வட்டம் 15 மில்லிமீட்டருக்குள்ள சுருங்கியிருந்தாலோ வட்டமே இல்லன்னாலோ பாசிட்டிவ், 19ஓ அதுக்கு மேலயோ நல்லா அகலமா இருந்தா நெகட்டிவ். மருந்து உடைஞ்சு போச்சுன்றதை கண்ணாலயே பாத்துடலாம். ஆனா உடைச்சது என்டிஎம்மா ஆக்ஸாவான்னு இந்த டெஸ்ட் மட்டும் சொல்லாது.

அதுக்குதான் பிசிஆர். கொரோனா காலத்துல எல்லாருக்கும் இந்த பேர் பழகிடுச்சு, அதே பிசிஆர்தான். பிளேட்ல இருந்து கொஞ்சம் பாக்டீரியாவை எடுத்து தண்ணியில கொதிக்க வச்சா செல்லு உடைஞ்சு டிஎன்ஏ வெளிய வரும். அதுல நாம தேடுற ஜீனோட ரெண்டு முனையில மட்டும் போய் ஒட்டுற பிரைமர்ன்ற சின்ன டிஎன்ஏ துண்டுங்களை போட்டு, மெஷின்ல சூடு, குளிர்ச்சி, மறுபடி சூடுன்னு 30, 35 சுத்து ஓட்டினா, ஜீன் இருந்துச்சுன்னா அந்த துண்டு ஒவ்வொரு சுத்துலயும் ரெண்டு மடங்கா பெருகும், இல்லன்னா ஒன்னும் பெருகாது. பழைய முறையில அதை அகரோஸ் ஜெல்ல ஓடவிட்டு யூவி லைட் மேல வச்சு பாக்கணும். இருட்டு ரூம்ல அந்த ஜெல்ல ஒரு கோடு பளிச்சுன்னு தெரியும், என்டிஎம்முக்கு நெறைய பேர் பயன்படுத்துற பிரைமர்ல அது 621 பேஸ், அதாவது 621 டிஎன்ஏ எழுத்து நீளத்துல வரும், பக்கத்துல ஏணி மாதிரி ஓடுற அளவு மார்க்கரை வச்சு சரிபாப்போம். ரியல் டைம் பிசிஆர்ல ஜெல் வேணாம், ஸ்க்ரீன்லயே கோடு மேல ஏறும்.

எதுல செஞ்சாலும் கூடவே ஒரு பாசிட்டிவ் கன்ட்ரோல், ஒரு நெகட்டிவ் கன்ட்ரோல் ஓடணும். ஜீன் இருக்குதுன்னு நமக்கு ஏற்கனவே தெரிஞ்ச பாக்டீரியாவுல கோடு வரணும், வெறும் தண்ணியில வரவே கூடாது. தண்ணியில கோடு வந்துட்டா அன்னைக்கு ஓட்டின ரிசல்ட் மொத்தத்தையும் தூக்கி போட்டுட்டு முதல்ல இருந்து செய்யணும், எவ்ளோ அவசரமா இருந்தாலும் சரி, இதுல விட்டுக்கொடுக்கவே கூடாது.

பிரைவேட்ல ஒரு மணி நேரத்துல சொல்லிடறாங்களாம், நீங்க ஏன் மூணு நாள் ஆகும்னு சொல்றீங்க?

ரெண்டும் வேற வேற டெஸ்ட். கல்ச்சர்ல பாக்டீரியா வளர்ந்தே ஆகணும், அதுக்கு நம்ம அவசரம் தெரியாது. ரத்த பாட்டில்ல பெரும்பாலும் ஒரு நாள்ல வளர்ந்து மெஷின் பீப் அடிக்கும், அப்புறம் பிளேட்ல போட ஒரு ராத்திரி, எந்த மருந்து கேக்கும்னு பாக்குற சென்சிடிவிட்டிக்கு இன்னொரு ராத்திரி. பாட்டில்ல ஒன்னும் வளரலன்னா கூட 5 நாள் வச்சு பாத்துட்டுதான் 'வளர்ச்சி இல்ல'ன்னு கையெழுத்து போடுவோம்.

ஜீன்எக்ஸ்பர்ட்ன்ற மெஷின்ல கார்பா-ஆர்னு ஒரு கார்ட்ரிட்ஜ் இருக்கு, நான் மேல சொன்ன அஞ்சு ஜீனையும் ஏறக்குறைய 50 நிமிஷத்துல சொல்லிடும். பயோஃபயர்னு ஒரு மெஷின் இருக்கு, அது பாசிட்டிவ் ஆன ரத்த பாட்டில்ல இருந்தே என்ன கிருமி, என்ன ஜீன்னு ஒரு மணி நேரத்துல சொல்லும். ரெண்டும் நல்ல டெஸ்ட்தான், ஆனா அந்த ஒரு மணி நேரம் ஆரம்பிக்கிறதே பாட்டில் பாசிட்டிவ் ஆனதுக்கு அப்புறம்தான். அதோட அந்த லிஸ்ட்ல இருக்குற ஜீனை மட்டும்தான் அது தேடும். அதனால ஜீன் டெஸ்ட் எடுத்தாலும் கல்ச்சர் சென்சிடிவிட்டியை விடவே கூடாது.

ஜீன் பேர் தெரிஞ்சா நிஜமாவே மருந்து மாறுமா?

மாறும், இந்த டெஸ்ட்டோட உயிரே இதுலதான் இருக்கு, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

செஃப்டாசிடிம்-அவிபாக்டம்னு ஒரு ஊசி இருக்கு, விலை ரொம்ப ஜாஸ்தி. அதுல அவிபாக்டம்ன்றது என்சைமோட வாயை அடைக்கிற பொருள். ஆக்ஸா-48, கேபிசி ரெண்டையும் அது அடைச்சிடும், மருந்து வேலை செய்யும். என்டிஎம் வேற வகை, அது ஜிங்க் உலோகத்தை உள்ள வச்சுக்கிட்டு வேலை செய்யுற என்சைம், அவிபாக்டம் அதை ஒன்னும் பண்ண முடியாது. அப்போ என்டிஎம் இருக்குற பேஷன்ட்டுக்கு இந்த ஊசியை மட்டும் தனியா போட்டா அவ்ளோ காசும் போச்சு, நாளும் போச்சு, ஐசியூல நாள் போறது காசு போறதை விட மோசம்.

ஆஸ்ட்ரியோனாம்னு ஒரு பழைய மருந்து இருக்கு, என்டிஎம்மால அதை உடைக்க முடியாது. அப்போ அதை மட்டும் போட்டா போதுமேன்னு தோணும். ஆனா என்டிஎம் இருக்குற பாக்டீரியாகிட்ட பெரும்பாலும் அந்த சிடிஎக்ஸ்-எம்மும் கூடவே இருக்கும், அது ஆஸ்ட்ரியோனாமை உடைச்சிடும். அதனால ரெண்டு ஊசியையும் சேத்து போடுவாங்க, அவிபாக்டம் போய் சிடிஎக்ஸ்-எம்மை அடைக்கும், ஆஸ்ட்ரியோனாம் தப்பிச்சு போய் பாக்டீரியாவை கொல்லும். இது எல்லா கிருமிக்கும் கேக்கும்னு சொல்ல முடியாது, என்டிஎம் இருக்குற சில ஈ.கோலைக்கு இந்த சேர்க்கையும் சரியா கேக்காது, அதனால ரெண்டையும் சேத்து வேலை செய்யுதான்னு லேப்ல பாத்து சொல்றது நல்லது. ஆஸ்ட்ரியோனாமையும் அவிபாக்டமையும் கலந்து ஒரே மருந்தா ஐரோப்பாவுல 2024லயும் அமெரிக்காவுல 2025லயும் அனுமதி குடுத்திருக்காங்க.

ஜீன் தெரியாத நேரத்துல பெரும்பாலும் கோலிஸ்டின், பாலிமிக்சின்ன்ற ஊசிங்க பக்கம்தான் போக வேண்டி வரும். அது உயிரை காப்பாத்தும், ஆனா கிட்னியை பாதிக்கும். அதுனால தினமும் கிட்னி நெலமையை காட்டுற கிரியேட்டினின் டெஸ்ட் எடுக்குறாங்கன்னா வீணா ரத்தம் எடுக்குறாங்கன்னு நெனைக்காதீங்க.

ஜீன் எல்லாம் நெகட்டிவ்னு வந்துச்சு, ஆனா மெரோபெனெம் 'ஆர்'. டெஸ்ட் தப்பா?

தப்பு இல்ல. என்சைம் இல்லாமலும் பாக்டீரியா தப்பிக்கும். மருந்து உள்ள வர்ற வாசலை மூடிக்கும், உள்ள வந்ததை பம்ப் போட்டு வெளிய தள்ளும், சூடோமோனாஸ்ன்ற பாக்டீரியா இதுல கில்லாடி. நம்ம லிஸ்ட்ல இல்லாத ஜீனாவும் இருக்கலாம். உதாரணத்துக்கு, ஐசியூல அதிகமா வர்ற அசினெட்டோபாக்டர் ஆக்ஸா-23ன்ற ஜீனை வச்சிருக்கும், ஆக்ஸா-48ஐ தேடுற கிட்ல அது மாட்டாது. இந்த மாதிரி நேரத்துல பிளேட் 'ஆர்'னு சொன்னா 'ஆர்'தான். எதிர்மாறாவும் சில சமயம் நடக்கும், ஜீன் இருக்கும், ஆனா வட்டம் 'எஸ்' அளவுல வரும். அப்போ மைக்ரோபயாலஜி டாக்டரும் வார்டு டாக்டரும் போன்ல பேசித்தான் முடிவெடுக்கணும்.

எக்ஸ்ட்ரா காசு கட்டி இந்த டெஸ்ட் எடுக்க சொல்றாங்க, எடுக்கலாமா?

எல்லாருக்கும் தேவையில்ல. சாதாரண யூரின் இன்ஃபெக்‌ஷன், மாத்திரையில சரியாயிட்டு வருதுன்னா வேணாம். ஐசியூல வென்டிலேட்டர்ல இருக்காங்க, ரத்தத்துல கிருமி இருக்கு, மெரோபெனெம் கேக்கலன்னா அங்க இது உண்மையிலேயே உதவும். டாக்டர்கிட்ட தயங்காம ஒன்னே ஒன்னு கேளுங்க, "சார், இதோட ரிசல்ட் வந்தா மருந்து மாத்துவீங்களா?" ஆமான்னா நகையை அடகு வைக்கிற நெலமையில கூட அது அர்த்தமுள்ள செலவு. மாறாதுன்னா அந்த காசு மருந்துக்கு இருக்கட்டும்.

முதல் ஊசி போடுறதுக்கு முன்னாடியே ரத்தம் எடுக்கணும்னு சிஸ்டர் அடம் புடிக்கிறாங்க, ஏன்?

அவங்க செய்யுறது நூத்துக்கு நூறு சரி. ஒரு டோஸ் ஆன்டிபயாட்டிக் உள்ள போயிட்டா ரத்தத்துல கிருமி குறைஞ்சு பாட்டில்ல வளராமலே போயிடலாம். கிருமி வளரலன்னா சென்சிடிவிட்டியும் இல்ல, பாட்டில்ல இருந்து செய்யுற ஜீன் டெஸ்ட்டும் இல்ல, டாக்டர் கண்ணை கட்டிக்கிட்டு மருந்து குடுக்கணும். பெரியவங்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8ல இருந்து 10 எம்எல் ரத்தம் வேணும், ரெண்டு கையில இருந்தும் தனித்தனியா எடுப்பாங்க. "ஏற்கனவே ரத்தம் இல்லாம கெடக்குறாங்க, இன்னும் எடுக்குறீங்களே"ன்னு சண்டை போடாதீங்க. ஒரு கையில மட்டும் தோல்ல இருக்குற கிருமி வளர்ந்துச்சுன்னா அது எடுக்கும்போது ஒட்டினதுன்னு பிரிச்சு சொல்ல அந்த ரெண்டாவது கைதான் உதவும். வெளிய கிளினிக்ல ஏற்கனவே ஊசி போட்டிருந்தா என்ன ஊசின்னு சீட்டோட சொல்லிடுங்க.

எங்கம்மாவுக்கு ஜுரமே இல்ல, ஆனா ஆசனவாய்ல குச்சி வச்சு எடுத்துட்டு 'பாசிட்டிவ்'னு தனி ரூம்ல போட்டுட்டாங்க...

அது ஸ்க்ரீனிங். அந்த ஜீன் இருக்குற பாக்டீரியா அம்மாவோட குடல்ல சும்மா தங்கியிருக்குதுன்னு அர்த்தம், வியாதி இல்ல, அதுக்கு மருந்தும் வேணாம், மருந்து போட்டு அதை விரட்டவும் முடியாது. தனியா வைக்கிறது பக்கத்து பெட்டுல ஆபரேஷன் ஆகி படுத்திருக்கிறவங்களை காப்பாத்த. அம்மாவை ஒதுக்கி வச்சுட்டாங்கன்னு வருத்தப்படாதீங்க, உள்ள போய் பாருங்க, பேசுங்க, கையை புடிச்சுக்கோங்க, உள்ள போகும்போதும் வெளிய வரும்போதும் கை கழுவுங்க. அடுத்த பேஷன்ட்டோட பெட்ல மட்டும் உக்காராதீங்க.

வீட்டுக்கு வந்தா குழந்தைங்களுக்கு ஒட்டுமா?

நல்லா இருக்குறவங்களுக்கு பெரும்பாலும் இதால ஒன்னும் ஆகாது. தட்டு டம்ளர் தனியா வைக்க தேவையில்ல. பாத்ரூம் போயிட்டு வந்ததும், சமைக்கிறதுக்கு முன்னாடியும், டயப்பரோ யூரின் பையோ மாத்தினப்புறமும் சோப்பு போட்டு கை கழுவினா போதும். நம்ம பக்கம் ஒரே லைன் வீட்டுல நாலு குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ்னு இருக்குற இடம் நெறைய, அங்க இது ரொம்ப முக்கியம். குடல்ல இருந்து அது போக மாசக்கணக்குல ஆகலாம்.

மெடிக்கல்ல சொன்னா அவங்களே ஆன்டிபயாட்டிக் குடுக்குறாங்களே?

குடுக்கக்கூடாது. 2014 மார்ச் 1ல இருந்து ஷெட்யூல் எச்1னு ஒரு மருந்து விதி வந்துடுச்சு, மூணாம் தலைமுறை செஃபலோஸ்போரின், கார்பாபெனெம் மாதிரி மருந்துங்களை சீட்டு இல்லாம விக்கக்கூடாது, யாருக்கு வித்தாங்கன்னு ரிஜிஸ்டர்ல எழுதணும். அட்டையில நெடுக்க சிவப்பு கோடு இருந்தா டாக்டர் சீட்டு இல்லாம வாங்காதீங்க. சளி, சாதாரண ஜுரத்துக்கு பெரும்பாலும் வைரஸ்தான் காரணம், அதுக்கு இது கேக்கவே கேக்காது.

கோழிக்கு போடுற மருந்தால வருதுன்றாங்களே?

அதுவும் ஒரு காரணம். கோலிஸ்டினை எதிர்க்கிற எம்சிஆர்-1ன்ற ஜீனை 2015ல சீனாவுல பன்றிங்ககிட்டயும் இறைச்சியிலயும் மனுஷங்ககிட்டயும் பாத்தாங்க. நம்ம நாட்டுல கோழி, மாடு, மீன் தீவனத்துல கோலிஸ்டின் சேக்க 2019 ஜூலையில தடை போட்டாங்க. கறியை நல்லா வேக வச்சு சாப்பிடுங்க, பச்சைக் கறி வெட்டின கையையும் கத்தியையும் கழுவுங்க.

ஓட்டேரியில டிபிக்கு சளி டெஸ்ட் எடுத்தாங்க, அதுவும் ஜீன் டெஸ்ட்தானா?

ஆமா, சிபிநாட், ட்ரூநாட் ரெண்டுமே ஜீன் டெஸ்ட்தான். டிபி கிருமியோட ஆர்பிஓ-பின்ற ஜீன்ல மாற்றம் இருக்கான்னு பாத்து ரிஃபாம்பிசின் மாத்திரை கேக்குமா கேக்காதான்னு சில மணி நேரத்துல சொல்லும். அரசு டிபி திட்டத்துல இது இலவசம். இங்க வெளிய இருந்து ஜீன் வர்றதில்ல, கிருமி தன் சொந்த ஜீனையே மாத்திக்குது, மாத்திரையை பாதியில நிறுத்தினா மாறினது மட்டும் மிஞ்சி பெருகும்.

வேற ஆஸ்பத்திரிக்கு மாத்துறோம், என்னென்ன வாங்கிட்டு போகணும்?

டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் பத்தாது. எல்லா கல்ச்சர் ரிப்போர்ட்டோட காப்பி, நெகட்டிவ் வந்ததும் சேத்து, ஜீன் டெஸ்ட் எடுத்திருந்தா அதோட தாளு, எந்த ஆன்டிபயாட்டிக் எந்த தேதியில ஆரம்பிச்சு எப்போ நிறுத்தினாங்கன்ற விவரம், கடைசி கிரியேட்டினின். எல்லாத்தையும் போன்ல போட்டோவும் எடுத்து வச்சுக்கோங்க. ரிசல்ட் வராம பாட்டில் இன்னும் மெஷின்லயே இருந்தா லேப் நம்பரையும் எங்க போன் நம்பரையும் கேட்டு எழுதிக்கோங்க, வந்ததும் நாங்க சொல்லிடுவோம். புது இடத்துல அட்மிஷன் போடும்போதே "இவங்களுக்கு என்டிஎம் பாசிட்டிவ் வந்திருக்கு"ன்னு முதல்லயே சொல்லிடுங்க, சொன்னா பெட் குடுக்க மாட்டாங்கன்னு சில பேர் மறைக்கிறாங்க, அப்படி மறைச்சா கல்ச்சருக்கு ஆகுற அந்த மூணு நாளு திரும்ப முதல்ல இருந்து ஓடும், அதுவரைக்கும் கேக்காத மருந்தே ஏறிட்டிருக்கும்.